கால்களைப் பறித்தது யார்?

படம் முடிந்தது. விளக்கு எரிந்தது. எவரும் எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டோர் சிலர். துடைப்பதை மறைத்துக்கொண்டோர் பலர்.

கீழ்க்கட்டளையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் தோழர்கள் சிலர் கூடி ‘அங்காடித் தெரு’ திரைப்படத்தை மீண்டும் ஒருமுறை கண்டோம். பல்லாவரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் இடையே, ஏரியும் வயலுமாக இருந்து, இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் வீடும் கடையுமாக நெருங்கிவிட்ட ஊர் கீழ்க்கட்டளை. வைகறையில் பேருந்தேறித் தியாகராயநகருக்கும் குரோம்பேட்டைக்கும் கடை வேலைக்குப் போய், இரவு கடைசிப் பேருந்தில் திரும்பும் ஆணும் பெண்ணும் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களுள் ஒரு தங்கையும் அன்று வந்திருந்தார். துணிக்கடையில் பணி. படத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்துக் கூறிக்கொண்டிருந்தபோது, அவர் எழுந்து ஒன்றே ஒன்று சொன்னார்:

“அண்ணா, அந்தப் பெண்ணின் கால் லாரி ஏறிப் போயிற்று. எங்கள் கால், எதுவும் ஏறாமலே போய்க்கொண்டிருக்கிறது!”

சொல்லிவிட்டு அமர்ந்தார். ஆம், அமர்ந்தார். நாள் முழுவதும் நின்றவருக்கு அன்று கிடைத்த முதல் நாற்காலி அதுவாகவும் இருக்கலாம். அந்த ஒரு வாக்கியம், நாம் எழுத எண்ணியிருந்த மதிப்புரையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. அதன் வழியே இந்தப் படத்தை மீண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பாராட்டுக்குரியதைப் பாராட்டிவிடுவோம். 2010 மார்ச்சில் வெளிவந்த இந்தப் படம், தமிழ்த் திரையுலகம் அதுவரை எட்டிப் பாராத ஓர் இடத்தை எட்டிப் பார்த்தது. வசந்தபாலன் இயக்கினார், ஜெயமோகன் உரையாடல் எழுதினார். அரண்மனையும் ஆலயமும், பண்ணையார் மாளிகையும் பாரிசு மாநகரமும் கண்டு சலித்த நம் கண்களுக்கு, அவர்கள் ரங்கநாதன் தெருவைக் காட்டினார்கள். அதுவும் எந்தப் பக்கத்திலிருந்து? நாம் துணி வாங்க நிற்கும் பக்கத்திலிருந்தன்று. துணியை எடுத்து விரித்துக் காட்டும் பக்கத்திலிருந்து! பளபளக்கும் கண்ணாடிக்குப் பின்னால், மந்தைபோல் அடைத்து வைக்கப்படும் தங்குமிடம். அள்ளிப்போட்டுக்கொண்டு ஓட வேண்டிய சாப்பாடு. கை நீட்டவும் வாய் நீட்டவும் அஞ்சாத மேற்பார்வையாளன் கருங்காலி. ‘அண்ணாச்சி’ என்று அழைக்கப்படும் முதலாளி. நின்று நின்றே கால் நோயுற்று, கழித்துப் போடப்பட்ட ஊழியர் ஒருவரையுங்கூட நமக்குக் காட்டுகிறது படம். இவற்றையெல்லாம் திரையில் வைத்த துணிவை நாம் மறுக்கவில்லை, மறுப்பது நன்றிகேடு.

ஆனால், பாராட்டுக்குரிய படைப்பைத்தான் உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும். பித்தளையை எவரும் உரசிப் பார்ப்பதில்லை!

கதை எங்கே தொடங்குகிறது? நெல்லைச் சீமையில். பள்ளியில் முதல் மாணவனாகத் தேறும் ஜோதிலிங்கம், ஆளில்லா ரயில் கடவில் நேர்ந்த விபத்தில் தந்தையை இழக்கிறான். படிப்பு நிற்கிறது; குடும்பச் சுமை தோளேறுகிறது; சென்னைக்கு வருகிறான். கதை எங்கே முடிகிறது? கடையிலிருந்து துரத்தப்பட்ட ஜோதிலிங்கமும் கனியும் நடைபாதையில் படுத்துறங்கும் இரவில், ஒரு வண்டி தறிகெட்டு ஏறுகிறது. கனி கால்களை இழக்கிறாள். அவன் அவளைக் கைவிடவில்லை. நாம் கண்ணீர் விடுகிறோம். திரை விழுகிறது.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு ரயில். முடிவில் ஒரு லாரி. இரண்டுக்கும் இடையில் ஒரு கடை. இரும்புச் சக்கரத்தில் தொடங்கி ரப்பர் சக்கரத்தில் முடியும் இந்தக் கதையில், கண்ணீரின் பெரும்பங்கு எதற்குப் போகிறது? சக்கரங்களுக்கு! கனியின் கால்களை ஒவ்வொரு நாளும் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது கடை. வழக்குத் தொடுக்க வேண்டிய குற்றவாளி அங்கே, கல்லாப் பெட்டிக்கு அருகில் அமர்ந்திருக்கிறான். கால்களைப் பற்றிய குற்றப்பத்திரிகை இயக்குநரின் கையில் ஆயத்தமாக இருக்கிறது. அதைக் கடையின் முகவரிக்கு அனுப்பாமல், பெயரும் முகமும் இல்லாத ஓர் ஓட்டுநரின் முகவரிக்கு அனுப்பிவிட்டார்!

“கடை துரத்தியதால்தானே அவர்கள் தெருவில் படுத்தார்கள்? ஆகவே கடையே காரணம் என்று படம் சொல்லவில்லையா?” என்று கேட்பவர் உண்டு. நேர்மையான கேள்வி. சங்கிலியின் அந்தக் கண்ணி படத்தில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால், பார்த்துவிட்டு வெளியே வருபவரைக் கேட்டுப் பாருங்கள், “ஐயோ பாவம், அவளுக்கு அப்படியா விதி முடிய வேண்டும்!” என்பார். “அந்தக் கடையில் ஒரு முக்காலி இல்லையே!” என்று எவராவது சொல்லி நாம் கேட்டதில்லை. ஒரு கலைப்படைப்பு எதைச் சொல்ல எண்ணியது என்பது ஒன்று. மக்கள் மனத்தில் எதை விட்டுச் செல்கிறது என்பது மற்றொன்று. விதி என்னும் பழைய சரக்கு ஏற்கெனவே மண்டிக் கிடக்கும் நாட்டில், விபத்தால் முடியும் கதை விதியின் கிடங்குக்குத்தான் போய்ச் சேரும்.

விதி, விதி என்கிறோமே, அந்த விதி எவ்வளவு வலிவுடையது என்று பார்ப்போமா?

ஜோதிலிங்கத்தின் தந்தையைக் கொன்ற ஆளில்லா ரயில் கடவு, அன்று எல்லாரும் ‘விதி’ என்று ஒப்புக்கொண்ட ஒன்று. செய்தித்தாளில் ‘ஆளில்லாக் கடவில் விபத்து’ என்று படிப்போம், பெருமூச்சு விடுவோம், பக்கத்தைப் புரட்டுவோம். பிறகு என்ன நடந்தது? ஆட்களை நியமித்தார்கள், சுரங்கப்பாதை தோண்டினார்கள், மேம்பாலம் எழுப்பினார்கள், தேவையற்ற கடவுகளை மூடினார்கள். 2019 சனவரி முடிவுக்குள், நாட்டின் அகலப்பாதைகளில் ஆளில்லாக் கடவு ஒன்றுகூட இல்லாமல் ஒழிக்கப்பட்டது. யாகம் வளர்க்கவில்லை, பரிகாரம் செய்யவில்லை, தண்டவாளத்துக்குப் பூசணிக்காய் சுற்றவில்லை. பணம் ஒதுக்கினார்கள், ஆணை பிறப்பித்தார்கள், வேலை முடிந்தது! பிரமன் எழுதிய தலையெழுத்தைப் பொறியாளர் அழித்துவிட்டார். அழிக்கக்கூடிய எழுத்து, தலையெழுத்து ஆகுமா?

கடைக்காரப் பெண்ணின் கால்வலியும் அப்படிப்பட்ட ஓர் எழுத்துத்தான்.

காலில் நடப்பது என்ன? இதயம் தள்ளும் குருதி பாதம்வரை இறங்குவது எளிது, ஏறுவதுதான் அரிது. ஏறும் வழியில் சிரைக்குழாய்களுக்குள் சிறுசிறு கதவுகள் இருக்கின்றன. மேலே போன குருதி கீழே வழியாமல் அவை அடைத்துக்கொள்ளும். குருதியை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து, இறைக்கும் எந்திரம்போல் வேலை செய்கிறது. அசையாமல் நின்றால் எந்திரம் ஓய்ந்துவிடுகிறது. குருதி தேங்குகிறது, குழாய் வீங்குகிறது, கதவுகள் தளர்கின்றன, கால் கனக்கிறது. நாளடைவில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைக்கிறது, தோல் கருக்கிறது, புண் வந்தால் ஆறுவது அரிதாகிறது. முதுகும் இடுப்பும் பாதமும் தத்தம் பங்குக்கு நோகின்றன. கழிவறைக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களுக்குச் சிறுநீர்த் தாரையிலும் தொல்லை. இதில் சாபம் எங்கே? சனி எங்கே? முன்பிறவிப் பாவம் எங்கே? உடம்பின் பொறியமைப்பு இருக்கிறது. அதைக் கெடுக்கும் பணியமைப்பு இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

மருந்து? ஒரு முக்காலி. இடையிடையே சில நிமிடம் உட்கார இசைவு. கொஞ்சம் நடமாட்டம். அவ்வளவே!

இந்த அரிய மருந்தைக் கண்டுபிடிக்க உலகம் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதையும் கேளுங்கள். இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டே, கடைகளில் பணிபுரியும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையேனும் இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அன்று நம்மை ஆண்டவர்கள் அவர்கள்தாம். தண்டவாளத்தையும் தண்டவரியையும் இங்கே கொண்டுவந்தவர்கள், அந்த முக்காலியை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டார்கள்! விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு வாய்ப்பு நேரும்போது அமர இடம் வேண்டும் என்று 44-ஆம் பிரிவில் கூறிற்று. ஆனால் அது ஆலைக்கு, அங்காடிக்கு அன்று. கடைகளுக்கென்று 1947-இலேயே நம் மாநிலத்தில் தனிச் சட்டம் உண்டு. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வேலை நேரத்துக்கு எல்லை வகுத்த அந்தச் சட்டத்தில் முக்காலிக்கு இடமில்லை.

பக்கத்துக் கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தொடங்கியது முழக்கம். தையல் வேலை செய்துவந்த விஜி என்னும் தோழியர், கடைப் பெண்களைத் திரட்டிச் சங்கம் கண்டார். கழிவறை கேட்டார்கள், இருக்கை கேட்டார்கள், நகைத்தவர்கள் பலர். 2018-இல் கேரள அரசு சட்டம் திருத்தியது. தமிழகத்தில், 2021 செப்டம்பரில் கழக ஆட்சி கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்தது: ஒவ்வொரு கடையிலும் பணியாளர் அனைவருக்கும் தக்க இருக்கை வேண்டும், பணிக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் அமரலாம். இங்கிலாந்துச் சட்டத்துக்கு 122 ஆண்டு பின்னர். படம் வெளிவந்து 11 ஆண்டு பின்னர்!

படம் அழவைத்தது; சட்டம் அமரவைத்தது. இரண்டும் வேண்டும். ஆனால் அழுகையோடு நின்றுவிடும் கலை, அரை வேலை செய்த கலை.

இருக்கை தருவதற்கு ஏன் இவ்வளவு தயக்கம்? பொருட்செலவா? பட்டுப்புடவை ஒன்றின் விலையில் பல முக்காலிகள் வாங்கலாம். காரணம் பணத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. ‘வாடிக்கையாளர் நிற்கும்போது இவள் உட்காருவதா? மரியாதை என்ன ஆவது?’ இதுதான் உள்ளிருக்கும் விடை.

இந்த ‘மரியாதை’யை நாம் அறிவோம். நன்றாகவே அறிவோம்! பண்ணையார் முன் உட்காரக்கூடாது என்றதும் இந்த மரியாதைதான். திண்ணையில் அமர்ந்தால் தீட்டு என்றதும் இதுதான். சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிள்ளைகளை ஒரே பந்தியில் உட்காரவிடாமல் பிரித்ததும் இதுதான். அதற்கெதிராகக் கிளம்பியதன்றோ பெரியாரின் குரல்! 1929 பிப்ரவரியில், இதே தாம்பரம் தண்டவாளம் போய்ச் சேரும் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு வேறென்ன கேட்டது? மனிதன் முன் மனிதன் சமமாய் அமர வேண்டும் என்பதைத்தானே? 2020-இல்கூடக் கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்தினார்களே! நாற்காலி என்பது நான்கு காலுள்ள மரச்சாமான் என்று எண்ணுபவர் தமிழ்நாட்டு வரலாறு அறியாதவர்.

கடைக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். மாலை போட்ட படம்; முன்னே மின்விளக்கு; படத்தில் திருமகள். எங்கே இருக்கிறாள்? செந்தாமரை மீது! ஒரு துணியும் மடித்தறியாத, ஒரு பெட்டியும் தூக்கியறியாத அந்தத் திருமகளுக்குத் தாமரை ஆசனம். காலை முதல் இரவு வரை ஆயிரம் மடிப்பை விரித்து ஆயிரம் மடிப்பை மடிக்கும் திருநெல்வேலி மகளுக்கு ஒரு முக்காலி இல்லை. செல்வம் எங்கிருந்து வருகிறது? படத்திலிருப்பவள் கையிலிருந்து கொட்டும் காசிலிருந்தா, பக்கத்தில் நிற்பவள் காலில் தேங்கும் குருதியிலிருந்தா? வாசலில் திருட்டி கழிக்கப் பூசணிக்காய் தொங்குகிறது. மாடிப்படியில் அட்டைப்பெட்டிகள் அடைத்துக் கிடக்கின்றன. தீ வந்தால் பூசணிக்காய் அணைக்குமா, படிக்கட்டு காக்குமா?

தீ வராமலா இருந்தது? 2008 செப்டம்பரில் அதே ரங்கநாதன் தெருவின் பெரிய கடை ஒன்றில் பற்றிய தீயில் ஊழியர் இருவர் மாண்டனர். 2017 மே 31-ஆம் நாள், உசுமான் சாலையில் ஏழடுக்குத் துணிக்கடை பற்றி எரிந்தது. மேல்தளத்தில் இருந்த ஊழியர்கள் மீட்கப்பட்டனர். எரிந்து சரிந்த கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்க நேர்ந்தது. முதலாளிமார் இதைக் கருத வேண்டும். தொழிலாளியின் நலத்தில் மிச்சம் பிடிக்கும் காசு, சாம்பலாகும் சரக்கில் பன்மடங்காகப் போகிறது. தீ வராத கடையிலும் இழப்பு உண்டு. அது கணக்குப் புத்தகத்தில் ஏறாத இழப்பு. களைத்த கண் விலையைத் தவறாகப் படிக்கிறது. வலிக்கும் கால் வாடிக்கையாளரிடம் எரிந்து விழுகிறது. தொழில் பழகிய பெண் ஈராண்டில் நோயோடு ஊர் திரும்புகிறாள். புதியவளுக்கு முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கிறது. வேலைச் சூழலால் நேரும் விபத்தும் நோயும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 இலட்சம் உயிர்களைப் பறிப்பதாக உலகத் தொழிலாளர் நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்த அவை 2022 சூனில், பாதுகாப்பும் நலமும் உள்ள பணியிடத்தைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. அருள் அன்று, ஐயா, உரிமை! நல்ல முதலாளி கருணையால் தருவதும், கெட்ட முதலாளி கோபத்தால் மறுப்பதும் அன்று அது.

பிறர் குறையை மட்டும் பேசுவது பகுத்தறிவுக்கு அழகன்று. நம் வீட்டுக் குறையையும் பேசுவோம். இருக்கைச் சட்டம் தந்த அதே ஆட்சி, 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. எந்த ஆண்டில்? சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய 1923-இன் நூறாவது ஆண்டில்! தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, தோழமைக் கட்சிகள் வெளிநடந்தன, மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. திரும்பப் பெற்றது நன்று. கொண்டுவந்ததை மறப்பது நன்றன்று. கண்டிக்க வேண்டியபோது கண்டிக்கும் தொண்டனே இயக்கத்துக்குக் காவல். 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துவிட்ட நேரமிது. எந்தப் பிரிவில் எது தேய்கிறது என்று கண்விழித்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு இளைஞர்களுடையது.

சட்டம் வந்தபின் நிலை என்ன? அன்று மாலை அந்தத் தங்கையைக் கேட்டோம். “முக்காலி வந்தது அண்ணா. ஆய்வாளர் வந்தால் எடுத்து வைப்பார்கள். மற்ற நாள்களில் அதன்மேல் துணிக்கட்டு உட்கார்ந்திருக்கும்!” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே தோழர்களே, நாம் கலைஞர்களிடம் கேட்பது இதுதான்: அழவையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அழுகை எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதையும் காட்டுங்கள். உங்கள் கதைமாந்தரைக் கொல்ல ரயிலையும் லாரியையும் தேடாதீர்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்தை உற்றுப் பாருங்கள். விடுதலை பெற்ற நாட்டில் ஒரு முக்காலிக்காக எழுபதாண்டு காத்திருந்த கதையைவிடப் பெரிய அவலம் எந்தக் காவியத்தில் இருக்கிறது? அதில் வில்லன் உண்டு, சட்டம் உண்டு, மருத்துவம் உண்டு, போராட்டம் உண்டு, வெற்றியும் உண்டு. எழுத ஆள்தான் இல்லை.

இளைஞர்களிடம் கேட்பதும் ஒன்றுண்டு. அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, விலைச்சீட்டைப் பார்க்குமுன் சுற்றிலும் பாருங்கள். பணியாளருக்கு இருக்கை இருக்கிறதா? இல்லையென்றால் கல்லாவில் இருப்பவரிடம், குரல் உயர்த்தாமல், 22-அ பிரிவை நினைவூட்டுங்கள். பயனில்லையா, தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள். ஒருவர் எழுதினால் காகிதம், நூறுபேர் எழுதினால் வழக்கு. எல்லாவற்றுக்கும் முன்னால், புடவை விரிக்கும் அந்தப் பெண்ணிடம், “அம்மா, நீங்கள் உட்கார்ந்துகொண்டே காட்டுங்கள், எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது” என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லில், முதலாளியின் கையிலிருக்கும் ‘வாடிக்கையாளர் மரியாதை’ என்னும் சாக்கு உதிர்ந்துவிடும்.

கனியின் கால்களைப் பறித்தது லாரி என்று திரை சொல்கிறது. கீழ்க்கட்டளைத் தங்கை வேறு விடை சொல்கிறார். இரவுப் பேருந்தில் அவர் எதிரே நிற்க நேர்ந்தால், எழுந்து இடம் கொடுங்கள். அன்றைய நாளில் அவர் உட்காரப்போகும் முதல் இருக்கை உங்களுடையதாக இருக்கக்கூடும்!